மாலை கழுத்துக்குத்தான் என்றவர்

ஒஸ்லோவுக்கு வெளியே, ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் குளிர்காலச் சப்பாத்து ஒன்றை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. ஒரு காலில் புதுச் சப்பாத்து, மற்றக் காலில் வெறும் காலுறை. எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் தலைவர் பேசினார்.

"அண்ணை, மங்களேஸ்வரி ரீச்சர் விடிய மோசம் போயிட்டா."

"ஓம்" என்றேன். கடையில் நின்ற பெண் அளவு சரியா என்று கேட்டாள். அவளுக்கும் ஓம் என்றுதான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சப்பாத்து ஓர் அளவு பெரிது. நான் அதை மாற்றவில்லை. அந்தச் சப்பாத்தோடுதான் அவருடைய இறுதிக் கிரியைக்கும் போனேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கொடுக்கும் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தலைவர் பிறகு கேட்டார். "ஒரு பக்கம் காணும் அண்ணை. பழைய சண்டையளை மட்டும் விடுங்கோ" என்றார். சண்டைகளை விட்டால் எனக்கு எழுத ஒன்றும் இல்லை. ரீச்சருக்கும் எனக்கும் இடையில் இருந்தது ஒரே ஒரு சண்டை. அது எட்டு ஆண்டுகள் நீண்டது. ஆகவே முழுவதையும் எழுதுகிறேன். வெட்ட விரும்புகிறவர்கள் வெட்டட்டும்.

ரீச்சரைத் தெரியாதவர்களுக்காக: யாழ்ப்பாணத்தில் பயிற்றப்பட்ட ஆசிரியையாக இருந்து எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்கு வந்தவர். வார நாட்களில் ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் ஒரு பாலர் பாடசாலையில் வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் பாடசாலையில் மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்குத் தமிழ். குள்ளமானவர், வேகமாக நடப்பார். சேலைக்கு மேல் பனிச்சட்டை, காலில் கறுப்புச் சப்பாத்து, தோளில் சீவிய வண்ணப் பென்சில்கள் நிறைந்த ஒரு துணிப்பை. சிரித்தால் வாயைக் கையால் மூடமாட்டார். என்னைவிடப் பதினொரு வயது இளையவர். முறைப்படி பார்த்தால் இந்தக் கட்டுரையை அவர்தான் எனக்கு எழுதியிருக்க வேண்டும். இதைவிடச் சுருக்கமாகவும் எழுதியிருப்பார்.

என்னைப் பற்றியும் இரண்டு வரி தேவை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வடக்கே மீன் தொழிற்சாலையில் நான்கு ஆண்டு, பிறகு ஒஸ்லோவில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் பதினாறு ஆண்டு. நோர்வே மொழியை ஓர் அகராதியை வைத்து நானே படித்தேன். நூலகத்துக்கு என்னை யாரும் கூட்டிப்போகவில்லை, நானே போனேன். எங்கள் பாடசாலைக் குழுவில் பொறியியலாளரும் கணக்காளரும் மருத்துவருமாக இருந்தார்கள். அவர்கள் என்னைப் புத்தக அலுமாரிக்கும் மண்டப அலங்காரத்துக்கும் பொறுப்பாக வைத்தார்கள். அலுமாரிப் பூட்டின் திறப்பை வைத்திருப்பதற்குப் படிப்பு வேண்டாம் என்று நினைத்திருக்கலாம்.

அந்தத் திறப்பிலேயே ரீச்சரோடு முதல் உரசல் வந்தது. பிள்ளைகள் புத்தகங்களைக் கிழிக்கிறார்கள் என்று நான் அலுமாரியை எப்போதும் பூட்டி வைப்பேன். வந்து ஒரு மாதமாகாத ரீச்சர், எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்:

"அண்ணை, இதுக்குள்ளை இருக்கிற புத்தகங்கள் பத்திரமாய் இருக்குதோ?"

"ஓம், ஒரு தாள்கூடக் கசங்கேல்லை" என்றேன் பெருமையாக.

"அப்ப ஒருத்தரும் வாசிக்கேல்லை."

ஆசிரியர் அறை முழுவதும் சிரித்தது. நான் ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் குடுவையிலிருந்து எனக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றி அலுமாரியின் மேல் வைத்துவிட்டுப் போவார். ஆறு மாதமும் நான் அதைக் குடித்தேன். பேசவில்லை, அவ்வளவுதான்.

பெரிய சண்டை ஒரு படத்திலிருந்து தொடங்கியது. மூன்றாம் வகுப்பில் ரீச்சர் "என் நண்பர்" என்று வரையச் சொல்லியிருந்தார். ஒரு பிள்ளை தன்னையும் இன்னொரு பிள்ளையையும் கைகோத்தபடி வரைந்து, மற்றவனுக்குக் கரும்பழுப்பு பூசியிருந்தது. கீழே பெயர் எழுதச் சொன்னபோது "காப்பிலி" என்று எழுதியது. கறுப்பினத்தவரை எங்கள் வீடுகளில் இழிவாகச் சொல்லும் சொல்.

"அது பேரில்லையே. அவருக்குப் பேர் என்ன?"

"தெரியும் ரீச்சர், ஆனா அது நோர்வேப் பேர். தமிழிலை வீட்டிலை காப்பிலி எண்டுதான் சொல்லுறவை."

பிள்ளை குறும்புக்காகச் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்த தமிழ் அதுதான். ரீச்சர் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நேராகக் குழுக் கூட்டத்துக்கு வந்தார். மேசையில் விரித்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அந்த மேசையைச் சுற்றி இருந்த ஒவ்வொரு வீட்டிலும் அந்தச் சொல் இருந்தது. என் வீட்டிலும் இருந்தது.

வருடத்தில் ஒரு சனிக்கிழமையைக் கறுப்பினத்தவர் ஐந்து பேரைக் கொண்டாடுவதற்கு ஒதுக்க வேண்டும் என்று ரீச்சர் கேட்டார். தலைவருக்கு அது பிடிக்கவில்லை.

"எங்கடை ஆக்களைப் பற்றிச் சொல்லிக் குடுக்கவே சனிக்கிழமை காணாது ரீச்சர். இதிலை காப்பிலியளுக்கு எங்கை நேரம்?"

"இப்ப நீங்கள் சொன்ன சொல்லுக்குத்தான் நேரம் கேக்கிறன்."

தலைவர் தேநீர்க் கோப்பையைத் தூக்கிப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது. தீர்மானம் நிறைவேறியது.

பிறகு யார் அந்த ஐந்து பேர் என்ற கேள்வி. அன்று அந்த மேசையில் சொல்லப்பட்ட பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் நினைவு மலரிலும் சண்டை தொடங்கும். சாந்தமான ஒரு பாதிரியார் போதும் என்றார் ஒருவர். நல்ல குரலுள்ள பாடகி என்றார் இன்னொருவர். சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்திருந்த ஒரு தந்தை, "கிரிக்கெட் ப்ளேயர் ஒருத்தரப் போட்டா பசங்க குஷியாயிடுவாங்க சார்" என்றார். துப்பாக்கி தூக்கியவர் வேண்டாம், கோபக்காரர் வேண்டாம், இரண்டாம் தாரம் உள்ளவர் வேண்டாம் என்று பட்டியல் குறைந்துகொண்டே வந்தது.

ரீச்சர் சொன்னார்: "நீங்கள் எல்லாரும் தேடுறது வெள்ளைக்காரருக்குப் பிடிச்ச கறுப்பரை. பிள்ளையளுக்கு வேண்டிய ஆளை ஒருத்தரும் தேடேல்லை."

இந்த இடத்தில் நான் எழுந்தேன். என் கோட்டுப் பையில் என் பட்டியல் இருந்தது. சலவைக்கூடத்தின் இடைவேளைகளில், பதினொரு குளிர்காலங்களாக, நூலகப் புத்தகங்களிலிருந்து நான் எழுதிச் சேர்த்தது. நாற்பத்து மூன்று பேர். அடிமைச் சந்தையிலிருந்து தப்பியவர், தூக்குமேடைக்குப் போனவர், நாடு கண்டவர், நாடு இழந்தவர். ஒவ்வொருவருக்கும் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, செய்த காரியம். கோபக்காரர்களை நான் விலக்கவில்லை, அவர்கள்தான் அதிகம். ஆனால் ஒரு விதி வைத்திருந்தேன். பட்டியலில் உயிரோடு இருப்பவர் ஒருவரும் இல்லை.

"உயிரோடை இருக்கிறவையை நம்பேலாது" என்றேன். "இண்டைக்கு மாலை போடுவம். நாளைக்குப் பேப்பரிலை நாறிப்போவினம். பிள்ளையளுக்கு என்ன சொல்லுறது? ஒரு மனிசன்ரை வாழ்க்கை முடிஞ்சாத்தான் அது நல்ல வாழ்க்கையோ எண்டு சொல்லேலும்."

இதை நான் இன்றும் நம்புகிறேன். நாங்கள் ஊரில் எத்தனை பேரைத் தோளில் தூக்கினோம், எத்தனை பேரைப் பிறகு தூற்றினோம் என்று எனக்குத் தெரியும்.

ரீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப நீங்கள் நல்லவையைக் கொண்டாடேல்லை அண்ணை. பத்திரமாய்ச் செத்தவையைக் கொண்டாடுறியள். இதுவும் அந்த அலுமாரி மாதிரித்தான்."

கூட்டம் முடிந்து எல்லோரும் போனார்கள். என் பட்டியலை ஒருவரும் கையில் எடுக்கவில்லை. தலைவர் அதன்மேல் தன் கோப்பையை வைத்திருந்தார், வட்டமாகக் கறை. ரீச்சர் மட்டும் அதை எடுத்து, கறையை ஒற்றி, "நான் வாசிச்சிட்டுத் தாறன்" என்று துணிப்பைக்குள் வைத்தார்.

இரண்டு கிழமைக்குப் பின் திருப்பித் தந்தார். நாற்பத்து மூன்று பேரையும் வாசித்திருந்தார். இரண்டு ஆண்டுகளைப் பிழையென்று கண்டுபிடித்துத் திருத்தியிருந்தார். சிலரின் பக்கத்தில் "இவரை எனக்குத் தெரியாது, நன்றி" என்று பென்சிலால் எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி: "இவர்களில் யாரிடம் ஒரு பிள்ளை கேள்வி கேட்க முடியும்?"

கடைசியில் சமரசம் வந்தது. என் பட்டியலிலிருந்து நான்கு பேர். ஐந்தாவது ஆளை ரீச்சர் தெரிவு செய்யலாம்.

அவர் தெரிவு செய்தது பிந்தா என்ற பெண்மணியை. காம்பியாவில் பிறந்தவர். இருபது ஆண்டுகளாக முதியோர் இல்லத்தில் தாதி. எங்கள் பகுதி மன்றத்தில் உறுப்பினர். அடிக்கடி உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வரும். சனிக்கிழமைகளில் வெளியாருக்குப் பாடசாலைக் கட்டடம் கொடுப்பதில்லை என்று ஒரு யோசனை மன்றத்துக்கு வந்தபோது, எழுந்து நின்று, "அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?" என்று கேட்டவர். யோசனை தள்ளப்பட்டது. கட்டடம் எங்களுக்குத் தொடர்ந்து கிடைத்தது. நாங்கள் அதற்காக எங்கள் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். பிந்தாவுக்கு ஒரு நன்றிக் கடிதமும் போகவில்லை.

"ஒரு பகுதி மன்ற உறுப்பினரை என்ரை நாலு பேரோடை ஒரே மேசையிலை வைக்கிறதோ?" என்று கேட்டேன்.

"உங்கடை நாலு பேரும் எங்களுக்கு ஒரு வகுப்பறை எடுத்துத் தரேல்லை அண்ணை" என்றார்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததைப் பற்றி ஒஸ்லோவிலும் லில்லெஸ்ட்ரோமிலும் பல கதைகள் உலவுகின்றன. உண்மையை முதல் தடவையாக இங்கே எழுதுகிறேன்.

மண்டப அலங்காரம் என் பொறுப்பு. மேடையில் நீண்ட மேசை, வெள்ளை விரிப்பு, சட்டம் போட்ட ஐந்து படங்கள். வாணி விழாவுக்காகக் கொழும்பிலிருந்து எடுப்பித்த துணிப்பூ மாலைகள் ஐந்து அலுமாரியில் இருந்தன. நான்கு படங்களுக்கும் போட்டேன். கை அதே வேகத்தில் ஐந்தாவதுக்கும் போட்டது. கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்தேன். நடுவில் குத்துவிளக்கு. இங்கே பிறந்த பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: படத்துக்கு மாலையிட்டு, பொட்டு வைத்து, முன்னால் விளக்கேற்றினால், அந்த ஆள் இப்போது இல்லை என்று பொருள்.

பின்னால் வந்து நின்று பார்த்தபோது எனக்கு விளங்கியது. வெளியே பிந்தாவின் கார் வந்து நிற்கும் சத்தம் இன்னும் கேட்கவில்லை. மேடைக்கு நாலு எட்டு. மாலையை எடுக்க நேரம் தாராளமாக இருந்தது.

நான் எடுக்கவில்லை.

கை போட்டது பழக்கத்தால். விட்டது பிடிவாதத்தால். உயிரோடு இருக்கும் ஆளை அந்த மேசையில் வைத்தால் எவ்வளவு அவலட்சணம் என்று எல்லோரும் கண்ணால் காணட்டும் என்று விட்டேன். பிறகு கேட்டவர்களிடம் எல்லாம் "மறதி" என்றேன். இவ்வளவு காலமும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

பிந்தா மண்டபத்துக்குள் வந்தார். உயரமானவர், மஞ்சள் தலைத்துணி. பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அவர் மேடையைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். முதியோர் இல்லத்தில் அவரோடு எங்கள் பெண்கள் பலர் வேலை செய்தார்கள். அவர்களுடைய வீடுகளுக்குத் துக்கம் விசாரிக்கப் போனவர். மாலையிட்ட படம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

"மன்னிக்க வேண்டும்," என்றார் நோர்வே மொழியில். "நான் எப்போது இறந்தேன்?"

தலைவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதவில்லை. ரீச்சர் மேடைக்கு ஏறினார். படத்திலிருந்து மாலையைக் கழற்றினார். சேலைத் தலைப்பால் கண்ணாடியின் சந்தனத்தைத் துடைத்தார். கீழே இறங்கி வந்து, எட்டாமல் ஒரு கதிரையில் ஏறி நின்று, பிந்தாவின் கழுத்தில் அந்த மாலையைப் போட்டார். பிறகு பிள்ளைகளைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"மாலை கழுத்துக்குத்தான் பிள்ளையள். கண்ணாடிக்கு அதின்ரை பாரம் தெரியாது."

பிந்தா சிரித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அதோடு முடிந்திருக்கலாம். பிந்தா பேசி முடித்துக் கேள்வி கேட்கச் சொன்னபோது, அபிரா என்ற நான்காம் வகுப்புப் பிள்ளை கை உயர்த்தியது. படம் வரைந்த பிள்ளையின் அக்கா முறை. நோர்வே மொழியில் தெளிவாகக் கேட்டது: "எங்கள் வீட்டில் உங்களைப் போன்றவர்களைக் காப்பிலி என்று சொல்வார்கள். அது கெட்ட வார்த்தையா?"

பிந்தா ரீச்சரைப் பார்த்தார். "அதற்கு என்ன பொருள்?"

பின்வரிசையிலிருந்து யாரோ, "ரீச்சர், ஏதாவது சமாளியுங்கோ" என்றார்கள். ரீச்சர் சமாளிக்கவில்லை. அந்தச் சொல்லின் பொருளையும், அதை எங்கள் வீடுகளில் எந்தத் தொனியில் சொல்கிறோம் என்பதையும், ஒன்றையும் குறைக்காமல் சொன்னார்.

பிந்தா சற்று நேரம் மாலையின் பூவொன்றை விரலால் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு அபிராவிடம், "உன் கேள்வி நல்ல கேள்வி. இதற்கு இன்று என்னால் பதில் சொல்ல முடியாது. அடுத்த சனிக்கிழமை வருகிறேன். உங்கள் பெற்றோரையும் இருக்கச் சொல்" என்றார். மாலையோடேயே வெளியே போனார்.

மண்டபத்தை ஒதுக்கும்போது ரீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். விளக்கைப் பார்த்து, "திரி நல்ல அளவாய் வெட்டி இருக்குது அண்ணை" என்று மட்டும் சொன்னார். திரியை அவ்வளவு கவனமாக வெட்டுகிறவன் மாலையை மறந்திருக்கமாட்டான் என்பது அதன் பொருள். அவருக்குத் தெரிந்திருந்தது. வேறு எவரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை.

பிந்தா வரமாட்டார் என்று நான் பந்தயம் கட்டத் தயாராக இருந்தேன். அடுத்த சனிக்கிழமை, நல்ல பனி, பத்து மணிக்கு வந்தார். பெற்றோர் நாற்பது பேரளவில் இருந்தார்கள்.

"போன கிழமை எனக்குக் கோபம் வந்தது" என்று தொடங்கினார். "கோபத்தோடு ஒரு பிள்ளைக்குப் பதில் சொல்லக்கூடாது என்று போனேன். கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அது பிள்ளைகள்மேல் இல்லை. அபிரா, ஓம், அது கெட்ட வார்த்தை." பிறகு பெற்றோரைப் பார்த்தார். "உங்களில் யார் அதைச் சொல்கிறீர்கள்?"

தலைவர் தன் சப்பாத்து நாடாவைக் கட்டினார். அது ஏற்கனவே கட்டித்தான் இருந்தது.

நான் கை உயர்த்தினேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். எழுந்து, எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் சொன்னேன். சலவைக்கூடத்தில் ஒன்பது ஆண்டுகள் என்னோடு கானா நாட்டுக்காரர் ஒருவர் வேலை செய்தார். நாங்கள் இருவரும் ஒரே விரிப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்து மடிப்போம். வீட்டில் அவரைப் பற்றிக் கதைக்கும்போது எனக்கு ஒரு சொல்தான் இருந்தது. இடைவேளையில் அவர் ஒரு மேசை, நான் ஒரு மேசை. என் மேசையில் இருந்து நான் கறுப்பின மாமனிதர்களைப் பற்றிப் படித்துப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அவருடைய பெயர் என்ன?" என்று பிந்தா கேட்டார்.

"குவேக்கு" என்றேன். அவருடைய உடுப்புப் பெட்டியில் எழுதியிருந்ததால் தெரியும். அன்றுதான் அதை முதல் தடவையாக வாயால் சொன்னேன்.

பிந்தா என்னைப் பாராட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. "நல்லது. ஒருவர்" என்று மட்டும் சொன்னார். பிறகு பின்வரிசையில் இன்னும் இரண்டு கைகள் உயர்ந்தன, பிறகு சில. தலைவரின் கை கடைசியாக, காதைச் சொறிவது போல உயர்ந்தது.

அன்று நிலையத்துக்கு நடந்து போகும்போது ரீச்சர் சொன்னார்: "அண்ணை, உங்கடை நாப்பத்து மூண்டு பேரும் சேந்து பதினொரு வருசமாய் உங்கடை கையை உயர்த்தேல்லை. அவ ரண்டு தரம் வந்தா, உயர்ந்திட்டுது."

"என்ரை கையை நான்தான் உயர்த்தினனான்" என்றேன்.

"ஓம் ஓம். உங்கடை கைதான்."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பிந்திய ஒவ்வொரு ஆண்டும் அதே சண்டை. நான் என் பட்டியலிலிருந்து இறந்தவர்களைக் கொண்டுவருவேன். அவர் ஒரு நீலக் கொப்பியிலிருந்து உயிரோடு இருப்பவர்களைக் கொண்டுவருவார்: ஒரு பேருந்துச் சாரதி, தொழிற்சங்கப் பேச்சாளர், ஓர் இருதய மருத்துவர், ஒரு வழக்கறிஞர், உதைபந்தாட்ட நடுவர் ஒருவர். அவர்களில் ஒருவர் பிறகு உண்மையாகவே பத்திரிகையில் நாறிப்போனார். அந்தப் பத்திரிகையை நான் மடித்துக் கொண்டுபோய் ரீச்சரின் தேநீர்க் குடுவைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் வாசித்தார். "சரி அண்ணை. இதையும் பிள்ளையளோடை கதைப்பம்" என்றார். கதைத்தார். ஒரு பாடவேளை முழுவதும், நல்லது செய்த ஒருவர் பிழையும் செய்தால் அவரை என்ன செய்வது என்று பத்து வயதுப் பிள்ளைகள் வாதாடினார்கள். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அந்த வாதம் எங்கள் குழுக் கூட்டத்தைவிட ஒழுங்காக நடந்தது.

பிறகு நோய் வந்தது. கோடையில் களைப்பு என்றார். இலையுதிர் காலத்தில் வைத்தியசாலை. நான் மூன்று தடவை போய்ப் பார்த்தேன். மூன்றாவது தடவை அவருடைய முகம் சிறுத்து, கண்கள் மட்டும் அப்படியே இருந்தன. நீலக் கொப்பியை என்னிடம் தந்தார்.

"உங்கடை பட்டியலிலை ஒவ்வொருத்தருக்கும் ரண்டு வருசம் எழுதி இருக்குது, பிறந்தது, செத்தது. இதிலை ரெலிபோன் நம்பர்தான் இருக்குது. நீங்கள் வைச்சிருங்கோ."

"நான் என்னத்துக்கு? எனக்கு இதிலை நம்பிக்கை இல்லை எண்டு தெரியுமே."

"அதுக்குத்தான் தாறன்."

தோடம்பழம் ஒன்றை உரித்துக் கொடுத்தேன். ஒரு சுளையைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் சொன்னார்:

"நான் செத்தாப் பிறகு நீங்கள் என்னைப் பற்றி வடிவாய் எழுதுவியள் அண்ணை. எனக்குத் தெரியும். அதை இப்ப ஒருக்காச் சொல்லுங்கோவன். கேட்டிட்டுப் போறன்."

"விசர்க்கதை கதையாதேங்கோ ரீச்சர்" என்றேன்.

அவர் சிரித்தார். வாயை மூடாமல்தான் சிரித்தார். "பாத்தியளே. நான் இன்னும் பத்திரமாய்ச் சாகேல்லை."

தோலைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். சுரங்க ரயிலில் மூன்றாவது நிலையம் வருவதற்குள் அவருக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம் என் வாயில் முழுமையாக இருந்தது. இறங்கி மறுபக்கம் ஏறியிருந்தால் கால் மணித்தியாலத்தில் கட்டிலருகே நின்றிருப்பேன். இறங்கவில்லை. அடுத்த கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். நான்காம் நாள் ஸ்ட்ரோம்மனில் தொலைபேசி ஒலித்தது.

இறுதிக் கிரியையில் அத்தனை மாலைகள். பேழையின் மேல் இடமில்லாமல் நிலத்தில் வைத்தார்கள். உயிரோடு இருந்தபோது அவரை வம்புக்காரி என்று சொன்னவர்கள் பெரிய மாலைகளாகவே கொண்டுவந்திருந்தார்கள். நானும் ஒன்று கொண்டுபோனேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தகனச்சாலை வாசலில், பனிக்கட்டியில் என் பெரிய சப்பாத்து வழுக்கியபோது ஒரு கை என்னைப் பிடித்து நிறுத்தியது. பிந்தாவின் கை.

போன கிழமை குழு கூடியது. கொண்டாட்ட மேசையில் ஆறாவதாக ரீச்சரின் படத்தையும் வைத்து, மாலையிட்டு, ஒவ்வோர் ஆண்டும் விளக்கேற்றுவது என்று தலைவர் பிரேரித்தார். எல்லோரும் சம்மதம். என் விதிப்படியும் அதில் பிழையில்லை. அவருடைய வாழ்க்கை முடிந்துவிட்டது, அது நல்ல வாழ்க்கை என்று இனிச் சொல்லலாம். நான் எழுந்து எதிர்த்தேன்.

"அவவின்ரை படத்துக்கு மாலை போடக்கூடாது. அவவுக்கு அது விருப்பமில்லை."

"அண்ணை, நீங்கள்தானே எட்டு வருசமாய்ச் செத்தவையைத்தான் கொண்டாட வேணும் எண்டனீங்கள்!"

"ஓம். நான் இன்னும் அதைத்தான் சொல்லுறன். ஆனா இது அவவின்ரை படம். அவவின்ரை விதிதான்."

கிழவனுக்குப் பிடிவாதம் மட்டும் குறையவில்லை என்று யாரோ மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. படம் இப்போது மூன்றாம் வகுப்பில், பென்சில் சீவும் இடத்துக்கு மேலே தொங்குகிறது. மாலையும் இல்லை, பொட்டும் இல்லை.

நேற்று நீலக் கொப்பியைத் திறந்தேன். முதல் பக்கத்தில் முதல் இலக்கம். அகராதி பக்கத்தில் இருக்க, சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தேன். யார் பேசுகிறேன் என்று சொன்னேன். மாலை போட்ட ஆள் என்றும் சொன்னேன்.

பிந்தா கேட்டார்: "நான் மறுபடியும் இறந்துவிட்டேனா?"

"இல்லை," என்றேன். "அதனால்தான் அழைக்கிறேன்." அன்று மாலையைக் கண்டும் எடுக்காமல் விட்டதைச் சொன்னேன். மன்றத்தில் எழுந்து நின்று எங்கள் பிள்ளைகளுக்காகப் பேசியதற்கு நன்றி, எட்டு ஆண்டு பிந்திய நன்றி என்றேன். தாளில் எழுதியிருந்தது அவ்வளவுதான். அவர், "இதைச் சொல்ல ஏன் இவ்வளவு நாள்?" என்று கேட்டார். இந்த ஆண்டுக் கொண்டாட்டத்துக்கு வர முடியுமா என்று கேட்டேன்.

அவர் வருகிற சனிக்கிழமை வருகிறார். மேசையில் என்னுடைய நான்கு பேர் இருப்பார்கள்; அவர்களை நான் எடுக்கமாட்டேன். ஐந்தாவதாக ஒரு புது மாலையை முன்வரிசைக் கதிரையின் முதுகில் போட்டு வைப்பேன்.

ரீச்சர், அன்று மூன்றாவது நிலையத்தில் என் வாயில் இருந்த வாக்கியம் இது: என் பட்டியலை வாசித்த ஒரே ஆள் நீங்கள். உங்கள் காதுக்கு வர வேண்டியது தாளுக்கு வந்திருக்கிறது. இந்த ஒரு இடத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. மற்ற இடங்களில் வாதம் அப்படியே இருக்கிறது. தேநீர்க் கோப்பைக்கு அலுமாரியின் மேல் இடம் விட்டிருக்கிறேன். அமைதியாகப் போங்கள்.